பின்பக்கத்தில் கிடக்கும் 111 பவுண்

கேள்வி:

ஐயா, நான் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவன். பெற்றோல் ஸ்டேஷனில் சில வருஷம் இரவு வேலை செய்துவிட்டு ஹரோ பக்கம் ஒரு சின்னக் கடை எடுத்தேன். இன்றும் அதுதான் பிழைப்பு. வருஷம் 14,000 பவுண் அளவில் மிஞ்சும். 1988 தொடக்கத்தில் ரை கட்டின ஒரு காப்புறுதி முகவர் கடைக்கு வந்து, சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு நல்லது என்று சொல்லி ஒரு பென்ஷன் பத்திரம் எழுதித் தந்தார். மாதாமாதம் கட்டி வந்தேன். இப்போது அதில் 84,000 பவுண் இருக்கிறது. வரும் நவம்பரில் எனக்கு 65 முடிகிறது.

போன மாதம் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பத்திரத்தில் உள்ள உத்தரவாத வீதத்தை விட்டுக்கொடுத்தால் 9,000 பவுண் கூட்டித் தருகிறார்களாம். ஆக 93,000. அதை விரும்பியபடி எடுக்கலாமாம். வீடு வாங்க முற்பணம் இல்லாமல் மகள் திண்டாடுகிறாள். மகன், "அப்பா, 9,000 பவுண் சும்மா தருகிறார்கள், எடுங்கோ, மிச்சத்தை நான் இன்வெஸ்ட் பண்ணித் தாறன்" என்கிறான். மனைவிக்கு 61 வயது. வாழ்நாள் முழுக்க என்னோடு கடையில் நின்றவள், சம்பளம் என்று எதுவும் எழுதவில்லை. உத்தரவாத வீதத்தில் எடுத்தால் எனக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் வராதாம். எனக்குச் சீனி வருத்தம். 2021இல் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வேறொரு கொம்பனியில் உத்தரவாதம் எதுவும் இல்லாத 31,000 பவுண் பென்ஷன் ஒன்றும் கிடக்கிறது. நான் என்ன செய்ய?

ஹரோ வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் முதலிரண்டும் கொம்பனியின் புதுக் கடிதத்தின் முதற்பக்கங்கள். மூன்றாவது பழைய பத்திரத்தின் பின்பக்கம். மஞ்சளேறிய தாள், ஓரத்தில் தேநீர்க் கறை, நடுவில் கண்ணாடி போட்டும் வாசிக்கச் சிரமமான ஓர் அட்டவணை. 65 என்ற வயதுக்கு நேரே 111.11 என்று அச்சடித்திருக்கிறது. புதுக் கடிதத்தின் அந்த இரண்டு பக்கங்களிலும் 9,000 மூன்று இடத்தில் வருகிறது. 111.11 ஓரிடத்திலும் இல்லை. உள்ளே எங்கேயாவது இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கடிதத்துக்குக் கடிதம். உங்கள் கோப்பு முழுவதையும் பார்த்துத் தரும் ஆலோசனை வேறு, அதற்குச் சட்டம் வேறு. ஆனாலும் மழுப்பாமல் என் எண்ணத்தைச் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த 9,000 பவுணுக்காக இந்த உத்தரவாதத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏன் என்பதை உங்கள் மகனும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.

111.11 என்றால், சேர்ந்திருக்கும் ஒவ்வொரு ஆயிரம் பவுணுக்கும் வருஷத்துக்கு 111 பவுண் 11 பென்ஸ், நீங்கள் இருக்கும்வரை. 84,000க்குக் கணக்குப் போட்டால் வருஷம் 9,333 பவுண். இன்று 65 வயதுள்ள ஒருவர் ஒரு இலட்சம் பவுணைக் கொண்டுபோய் சந்தையில் வாழ்நாள் ஓய்வூதியம் வாங்கினால், கூடாமல் குறையாமல் ஒரே அளவில் வருகிற வகையில், ஏழாயிரத்துச் சொச்சம் பவுண் கிடைக்கும். அப்படியானால் உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் 9,333 பவுணை, அதே நிபந்தனைகளோடு, இன்று வெளியில் விலைக்கு வாங்க எவ்வளவு வேண்டும்? என் கணக்கில் 120,000 பவுண் பக்கம். உங்களிடம் இருப்பது 84,000. இடைவெளி ஏறக்குறைய 36,000. அந்த இடைவெளியைத்தான் 9,000 பவுணுக்குக் கேட்கிறார்கள்.

சீட்டுக் கட்டாத தமிழ்க் கடைக்காரர் லண்டனில் இருக்க மாட்டார், ஆகவே அந்தப் பாஷையில் சொல்கிறேன். முதல் மாதமே பெரிய கழிவு கொடுத்துச் சீட்டை எடுப்பவருக்குத் தலைபோகிற அவசரம் ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு இலாபம் கொடுக்கவா அவர் எடுக்கிறார்? உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அப்படி ஓர் அவசரத்தை நான் காணவில்லை.

கொம்பனிக்காரர் ஏன் இதை வாங்கத் துடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இந்தப் பத்திரங்கள் எழுதப்பட்ட காலத்தில் வட்டி வீதம் வானத்தில் இருந்தது. 1979 நவம்பரில் இங்கிலாந்து வங்கியின் வீதம் 17%. ஆயிரத்துக்கு 111 என்பது அன்று ஒரு பெரிய வாக்குறுதியாகவே யாருக்கும் படவில்லை. சந்தையில் அதைவிடக் கூடவே கிடைத்தது. உங்களுடையது அன்றைய வரிச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ், சொந்தத் தொழில் செய்வோருக்கும் வேலையிடத்தில் பென்ஷன் இல்லாதோருக்கும் எழுதிய ஒப்பந்தம். 1988 ஜூலையோடு அந்த வகையில் புதிதாக எழுதுவது நின்றுபோனது. நீங்கள் கடைசிப் பெட்டியில் ஏறிய ஆள். பிறகு வட்டி இறங்கியது, மனிதர்களின் ஆயுள் ஏறியது, சும்மா எழுதிக் கொடுத்த வாக்குறுதி கொம்பனிகளின் கழுத்தில் விழுந்தது. 1762இல் தொடங்கிய ஈக்குவிட்டபிள் லைஃப் என்ற காப்புறுதிக் கொம்பனி இப்படித்தான் கவிழ்ந்தது. உத்தரவாதம் உள்ளவர்களுக்குப் போனஸைக் குறைத்துக் கொடுத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். 2000 ஜூலையில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் டிசம்பரில் புது வாடிக்கையாளர் எடுப்பதை நிறுத்தினார்கள். அதாவது, ஒரு பழம்பெரும் கொம்பனியையே சாய்க்கக்கூடிய பாரம் உங்கள் அட்டவணையில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணுக்கு உண்டு. உங்களுக்கு வந்த கடிதத்தில் மோசடி ஒன்றும் இல்லை. அவர்கள் பாரத்தை இறக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இறக்க உதவுவதற்கு நீங்கள் கேட்க வேண்டிய கூலி 9,000 அல்ல.

இனி மகனின் பக்கத்துக்கு வருவோம். பிள்ளை கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஆனால் வரியை மறந்துவிட்டார். 93,000 பவுணையும் ஒரே வருஷத்தில் எடுத்தால் கால்வாசி, 23,250 பவுண், வரியில்லாமல் வரும். மிச்சம் 69,750 பவுண் உங்கள் கடை வருமானம் 14,000உடன் சேர்ந்து 83,750 ஆகிவிடும். 50,270க்கு மேல் போகிற ஒவ்வொரு பவுணுக்கும் 40% வரி. நான் போட்டுப் பார்த்தேன்: இந்தப் பணத்துக்காக மட்டும் வரித் திணைக்களத்துக்குப் போவது ஏறத்தாழ 20,600 பவுண். கையில் மிஞ்சுவது 72,350 அளவில். சும்மா தருகிறார்கள் என்று சொன்ன 9,000 பவுணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அரசாங்கம் கொண்டுபோகிறது. போதாததற்கு முதல் தடவை எடுக்கும்போது அவசர வரிக்குறியீடு போட்டு இன்னும் கூடப் பிடிப்பார்கள். அதைத் திருப்பி வாங்க நீங்கள் படிவம் நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டும்.

"ஒரேயடியாக ஏன் எடுக்க வேண்டும், உள்ளே வைத்து முதலீடு செய்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாமே" என்று அவர் சொல்வார். நியாயமான பேச்சு. 93,000ஐ முதலீட்டில் போட்டு, கட்டணமெல்லாம் போக வருஷம் 5% வளர்கிறது என்று வைப்போம். உத்தரவாதம் தரும் அதே 9,333 பவுணை ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் எடுத்து வந்தால் பதினான்கு வருஷத்தில் பெட்டி காலி. அப்போது உங்களுக்கு 79. முதல் இரண்டு மூன்று வருஷத்தில் சந்தை விழுந்தால் அதற்கும் முன்னதாகவே. இந்த நாட்டில் 65ஐத் தொடும் ஆண் சராசரியாக எண்பதைத் தாண்டி நாலைந்து வருஷம் இருக்கிறார். 79 வயதில் பென்ஷன் தீர்ந்துபோனால் மகன் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் மகன் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்குப் போகாமல் இருக்கத்தானே அந்த நாளில் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினீர்கள்.

விலைவாசி என்று ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. உங்கள் 9,333 ஒருபோதும் ஏறாது. 2022 ஒக்டோபரில் இந்த நாட்டுப் பணவீக்கம் 11.1% வரை போனது. கடை வைத்திருக்கும் உங்களுக்கு எண்ணெய் விலையை நான் சொல்லத் தேவையில்லை. வருஷம் 3% ஏறினாலே இருபது வருஷத்தில் 9,333 பவுணின் வாங்கும் சக்தி இன்றைய 5,200 பவுண் அளவுக்கு வந்துவிடும். ஆனால் உங்களுக்கு 67இல் அரசாங்க ஓய்வூதியம் தொடங்கும், அது வருஷாவருஷம் ஏறும். முழுத் தொகை இப்போது வாரம் 241 பவுண் 30 பென்ஸ். ஏறுகிறது ஒன்று, ஏறாதது ஒன்று. ஏறாதது தொடக்கத்திலேயே கனமாக வருகிறது. அந்தச் சேர்க்கையில் எனக்குக் குறை தெரியவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் நிறுத்திய இடம்: சீனி வருத்தமும் ஸ்டென்டும், மனைவிக்கு ஒன்றும் வராது என்பதும்.

பத்திரத்தின் பின்பக்கத்தில் அட்டவணைக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. ஓய்வூதியம் "வருஷத்துக்கு ஒரு தடவை, வருஷக் கடைசியில், உத்தரவாதக் காலம் இல்லாமல்" தரப்படும் என்பது அதன் பொருள். விளங்கச் சொன்னால், இந்த நவம்பரில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் முதல் பணம் அடுத்த வருஷம் நவம்பரில்தான் வரும். நடுவில் உங்களுக்கு ஏதாவது நடந்தால் 84,000 பவுணும் போனதுதான், ஒரு சதமும் வராது. இதைப் படிக்கும்போது உங்கள் மனைவியின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னால் அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் எடுக்கிற பிள்ளை 1988இல் பிறந்தே இருக்காது, பதில் எழுத்தில் வேண்டும். அந்த வீதத்தை ஐந்து வருஷ உத்தரவாதக் காலத்தோடு, அதாவது இடையில் நீங்கள் இறந்தாலும் ஐந்து வருஷம் வரை பணம் வரும்படி, எடுக்கலாமா, எடுத்தால் 111 எவ்வளவாகக் குறையும்? மாதாமாதம் வாங்கினால் எவ்வளவு? மனைவிக்குப் பாதி தொடரும்படி அதே பத்திரத்துக்குள் வழி உண்டா? சில பத்திரங்களில் உண்டு, சிலவற்றில் அறவே இல்லை. வீதம் 84,000 முழுவதற்குமா, அல்லது குறிப்பிட்ட காலம் வரை கட்டியதற்கு மட்டுமா? பிற்காலத்தில் கூட்டிக் கட்டிய தொகைக்கு உத்தரவாதம் இல்லாத பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். 65க்கு முன் நீங்கள் இறந்தால் மனைவிக்கு வருவது 84,000ஆ, அல்லது கட்டிய காசு மட்டுமா? பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில் கட்டியது மட்டும்தான் திரும்பும். எல்லாவற்றிலும் முக்கியம், உத்தரவாதத்தை எந்த நாளில் கேட்க வேண்டும். பல பத்திரங்களில் அது 65ஆவது பிறந்தநாளுக்கு மட்டும் உரியது. கொஞ்சம் பொறுத்து எடுப்போம் என்று விட்டு, பிறந்தநாள் தாண்டிப் போய், அட்டவணை வெறும் தாளாகிவிட்ட ஒருவரை நான் அறிவேன். அவரும் கடைக்காரர்தான். நத்தார் வியாபாரம் முடியட்டும் என்று காத்திருந்தார்.

ஐந்து வருஷ உத்தரவாதக் காலம் கிடைத்து, 111 கொஞ்சம் குறைந்து 105, 106க்கு வந்தாலும், உங்கள் நிலைமையில் நான் அதை எடுப்பேன். ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு அது நியாயமான விலை.

உடல்நிலையின் மறுபக்கமும் உண்டு. உத்தரவாத வீதம் உங்கள் வருத்தத்தைப் பற்றிக் கேட்காது, சுகதேகிக்கும் நோயாளிக்கும் ஒரே எண். ஆனால் வெளிச்சந்தையில் நீரிழிவு, இருதய நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கூட்டித் தருகிற வகை ஒன்று இருக்கிறது, ஏனென்றால் நீண்ட நாள் கொடுக்க வேண்டியிராது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நம்மவர்களில் அரைவாசிப் பேருக்கு மெட்ஃபோர்மின் பெட்டி வீட்டில் இருக்கும். ஆனாலும் இப்படி ஒன்று இருப்பதாக யாரும் கேட்பதில்லை. மணிஹெல்ப்பர் இணையதளத்தில் பல கொம்பனிகளின் வீதங்களை ஒப்பிட்டுப் பார்க்க இலவச வசதி இருக்கிறது. மருந்துப் பட்டியலையும் வைத்தியசாலைக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 93,000 பவுணுக்கு, உங்களுக்குப் பிறகு மனைவிக்குப் பாதி தொடரும் வகையில் என்ன தருவார்கள் என்று பாருங்கள். 7,500ஐத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். தாண்டாவிட்டால் பழைய தாளோடு இருங்கள். வைத்தியர் ஒருவர் உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று எழுதித் தரக்கூடிய நிலையில் இருந்தால் நான் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவர்கள் 75க்கு முன் முழுத் தொகையையும் பொதுவாக வரியில்லாமலே எடுக்கலாம். நீங்கள் காலை நாலரைக்கு எழும்பி பால் பெட்டி இறக்குகிறவர். உங்களுக்கு அது பொருந்தாது.

மனைவியின் பாதுகாப்பை இந்தப் பத்திரத்துக்குள் தேடுவதைவிட வெளியே தேடுவது நல்லது. அந்த 31,000 பவுணை அவருக்கு என்று ஒதுக்குங்கள். அதில் உத்தரவாதம் இல்லாததால் விட்டுக்கொடுக்கவும் ஒன்றுமில்லை. எடுக்காமல் உள்ளேயே வைத்து, வாரிசு விருப்பப் படிவத்தில் அவருடைய பெயரை எழுதிக் கொடுங்கள். பழைய படிவத்தில் உங்கள் அண்ணன் பெயரோ, இறந்துபோன தாயார் பெயரோ இருக்கக்கூடும், பாருங்கள். 75க்கு முன் நீங்கள் இறந்தால் அவர் பெரும்பாலும் வருமான வரி இல்லாமல் எடுக்கலாம், அதற்குப் பின் என்றால் அவருடைய வருமானத்துக்கு ஏற்ற வரி. 2027 ஏப்ரல் 6இலிருந்து எடுக்காத பென்ஷனையும் மரணச் சொத்து வரிக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். கணவன் மனைவிக்கிடையே போகும் சொத்துக்கு அந்த வரி இல்லை, ஆகவே இந்த விஷயத்தில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் நான் உங்கள் மனைவியிடம் நேரே சொல்ல விரும்புகிறேன். அம்மா, உங்கள் பெயரில் அரசாங்க ஓய்வூதியத்துக்கு எத்தனை வருஷம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தீர்களா? பத்து வருஷம் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும், முழுத் தொகைக்கு 35. கடையில் நின்ற வருஷங்களுக்குச் சம்பளம் எழுதாததால் அவை கணக்கில் வராது. முப்பது வருஷம் கல்லாவில் நின்ற பெண்ணை "வேலை செய்யாதவர்" என்று அந்தப் பதிவு சொல்லும், அதைப் பார்க்க எனக்கே கோபம் வரும். ஆனால் பிள்ளை வளர்த்த வருஷங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 1978இலிருந்து 2010 வரை, அரசாங்கத்தின் பிள்ளைப்பணம் (சைல்ட் பெனிஃபிட்) வாங்கிய தாய்மாருக்கு அந்த வருஷங்களை ஈடுசெய்யும் ஏற்பாடு இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் பிள்ளைப்பணத்துக்கு விண்ணப்பித்தவர்களில் பலர் தங்கள் தேசியக் காப்புறுதி இலக்கத்தைக் கொடுக்கவில்லை, அதனால் அவர்களுடைய வருஷங்கள் பதிவிலேயே ஏறவில்லை. அரசாங்கமே ஒப்புக்கொண்ட தவறு இது. விண்ணப்பித்தால் திருத்துவார்கள். பிள்ளைப்பணம் யாருடைய பெயரில் வந்தது என்று இரண்டு பேரும் யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால், பொதுவாகக் கடந்த ஆறு வரி வருஷங்களுக்குக் காசு கட்டி நிரப்பலாம். ஒரு முழு வருஷத்தை நிரப்ப ஆயிரம் பவுணுக்குள் ஆகும். அதற்கு ஈடாக ஓய்வூதியத்தில் வருஷம் 358 பவுண் அளவில் கூடும், அதுவும் வருஷாவருஷம் ஏறிக்கொண்டு, அவருடைய சொந்தப் பெயரில், அவர் இருக்கும்வரை. ஆயிரத்துக்கு 111 என்று நாம் இவ்வளவு நேரம் பேசினோமே, அதைப்போல மூன்று மடங்கு இது. கட்டுவதற்கு முன் அரசாங்கத்தின் ஃபியூச்சர் பென்ஷன் சென்ரருக்குத் தொலைபேசி எடுத்து, எந்த வருஷம் கட்டினால் உண்மையில் தொகை கூடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வருஷமும் கூட்டாது. உங்களுடைய பதிவையும் அதோடு பாருங்கள், சொந்தத் தொழில் வருஷங்களில் ஓட்டை இருக்கக்கூடும்.

மகளின் முற்பணத்தை நான் மறக்கவில்லை. உத்தரவாதத்தை வைத்துக்கொண்டே கால்வாசியை, அதாவது 21,000 பவுணை, வரியில்லாமல் எடுக்கலாம். மிச்சம் 63,000க்கு வருஷம் 7,000 பவுண் வரும். 2,333 பவுண் குறையும். 20% வரி கழித்தால் உங்கள் கையில் குறைவது வருஷம் 1,866. ஆக 21,000 பவுணை நீங்கள் பதினொரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் திருப்பிக் கொடுத்து முடிக்கிறீர்கள், அதற்குப் பின்னும் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வருஷமும் நட்டம். வேறு யாராவது என்றால் எடுக்காதீர்கள் என்றிருப்பேன். உங்களுக்கு ஸ்டென்டும் இருக்கிறது, பத்திரத்தில் மனைவிக்கு ஒன்றுமில்லை என்பதும் இருக்கிறது. அதனால் இந்தக் கால்வாசியை எடுப்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. எடுத்தால் முதலில் மனைவியின் வருஷங்களை நிரப்புங்கள், பிறகு மகளுக்கு. வரிசை மாறக் கூடாது. மகளுக்கு முப்பத்துச் சொச்சம் வயது, சம்பளம் இருக்கிறது, வங்கி கடன் கொடுக்கும். 61 வயதில் சம்பளத் துண்டே இல்லாத தாய்க்கு எந்த வங்கியும் கொடுக்காது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. பத்திரத்தில் எழுதியபடி உத்தரவாத வீதத்தில் எடுக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை விட்டுவிட்டுப் பணமாக எடுக்க நினைத்தால்தான், தொகை 30,000 பவுணைத் தாண்டுவதால், எப்.சி.ஏ. என்ற நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் ஆலோசனை பெற்றதாகச் சான்று காட்ட வேண்டும். 2015இலிருந்து அப்படி. மகன் இதைக் காசு பிடுங்கும் வேலை என்று சொல்லக்கூடும். எடுப்பதற்குக் கதவு திறந்திருக்கிறது, விடுவதற்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றால், எதை மதிப்புள்ளதாகச் சட்டம் கருதுகிறது என்று அவரே யோசிக்கட்டும். ஐம்பது வயது தாண்டிய உங்களுக்குப் பென்ஷன் வைஸ் என்ற அரச சேவையில் இலவசமாக ஒரு சந்திப்பு உண்டு. இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் வழிகளை விளங்கப்படுத்துவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். பென்ஷன் பற்றித் தானாகத் தொலைபேசி எடுத்து யாராவது பேசினால், அவர் தமிழில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். 2019 ஜனவரியிலிருந்து அப்படி அழைப்பதே சட்டவிரோதம்.

கொம்பனிக்கு எழுதும் கடிதத்தை ஓகஸ்டுக்கு முன் பதிவுத் தபாலில் போடுங்கள், பதில் வர ஆறு வாரம் ஆனாலும் நவம்பருக்கு இடமிருக்கும். 9,000 பவுண் கடிதத்தில் கடைசித் தேதி ஒன்று போட்டிருக்கிறார்கள், அது அவர்களுடைய தேதி. உங்களுடைய தேதி பிறந்தநாள். பழைய பத்திரத்தின் மூலப் பிரதியை யாருக்கும் அனுப்ப வேண்டாம், இரண்டு பக்கமும் படம் எடுத்து மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிட்டு அது இருந்த பிஸ்கட் ரின்னிலேயே வையுங்கள். வரும் ஞாயிறு கடை பூட்டிய பிறகு மகளைக் கூப்பிட்டு, அம்மாவின் தேசியக் காப்புறுதிப் பதிவைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள்.